உவைஸ் கப்பலின் ஏழாவது பழுது

‘உவைஸ்: ஏழு பழுதுகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட அழைப்பிதழ் செல்போனில் வந்து விழுந்தபோது, சேக் முகம்மது லுஹர் தொழுதுவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டு பொத்தான்களையும் போட்டார். அவமானத்தை வெறும் உடம்போடு வாசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

உவைஸ் என்பது அவருடைய வாப்பாவின் பெயர். தேங்காய்ப்பட்டணம் மாலுமியார் வீட்டில் ஐந்து தலைமுறையாகப் பாய்க்கப்பல் ஓட்டியவர்களில் கடைசி ஆள். அந்தப் பெயரைத்தான் சேக் முகம்மதுவின் மகள் சுல்ஃபியா, தன் கதையில் வரும் நட்சத்திரக் கப்பலுக்கு வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வேறொரு சூரியனைத் தேடிப் போகிற கப்பல் அது. நாற்பத்து மூன்று வாரம் இணையத்தில் தொடராக வந்த கதையை நாகர்கோவில் பதிப்பாளர் ஒருவர் புத்தகமாகப் போட முன்வந்திருந்தார். அதற்கு முன்பு வடசேரி வாசகர் வட்டத்தில் அதைப் பற்றி ஒரு கூட்டம். பேசுகிறவன் பெனிட்டோ. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகு கட்டும் பட்டறை வைத்திருப்பவன்.

“சுல்ஃபியா! இஞ்ச வா.”

பள்ளிக்கூடத்து இயற்பியல் விடைத்தாள் கட்டோடு அவள் வந்தாள்.

“இது என்னவாக்கும்?”

“கூட்டம் வாப்பா. கதையில வர்ற கப்பலுக்க டிசைன்ல என்னெல்லாம் தப்பு, ஆபத்து வந்தா ஆளுவ எப்பிடி தப்பிக்கும், இதெல்லாம் பேசுவாவ. உலகம் பூரா உள்ளதுதான். இதுக்குன்னே பைத்தியம் பிடிச்சுத் திரியுத ஆளுவ உண்டு.”

“பழுது ஆருக்கு?”

“எனக்க கப்பலுக்கு.”

“கப்பலு உனக்கது. பேரு எனக்க வாப்பாக்கதாக்கும். உவைஸுக்கு ஏழு பழுதுன்னு ஒரு பய ஊரைக் கூட்டிச் சொல்லுவான், நீ முன்னால இருந்து தாளம் போடுவியா?”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி மும்தாஜ் பேகத்தின் குரல் வந்தது. “இல்லாத கப்பலுக்கு என்ன மானம்? சாளைக்கறி ஆறுது. வந்து தின்னுங்க.”

“கப்பலு இல்லாம இருக்கலாம். பேரு இருக்குல்லா.”

சுல்ஃபியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு, எப்படியும் சொல்லியாக வேண்டிய ஒன்றைச் சொன்னாள். பதிப்பாளரும் அந்தப் பழுதுகளைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு, எதை மாற்றுவது என்று முடிவுசெய்ய நினைத்திருக்கிறாள்.

“ஒரு எழுத்து மாத்தப்படாது” என்றார் சேக் முகம்மது. “நானும் வாறேன் வடசேரிக்கு. பதில் நான் பறஞ்சுக்கிடுதேன்.”

“வாப்பா, நீங்க கதையை வாசிக்கவே இல்லியே.”

“நாலு நாள் இருக்குல்லா?”

அன்று மாலையே கருங்கலுக்கு பஸ் ஏறிப் போய், நாற்பத்து மூன்று அத்தியாயங்களையும் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு வாங்கி வந்தார். சிவப்புப் பென்சில் ஒன்றும் வாங்கினார். கதை வாசிக்கிற ஆள் இல்லை அவர். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கப்பல்களின் பாதுகாப்பைப் பார்த்தவர். வாரம் ஒருமுறை அபாயமணி அடிக்கவிட்டு, எத்தனை பேர் எத்தனை நொடியில் உயிர்ப்படகுக்கு வந்து சேர்கிறார்கள் என்று கையில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றவர். அரபியோ வெள்ளைக்காரனோ, எந்தக் கப்பித்தானாக இருந்தாலும், சேக் கையெழுத்துப் போடாமல் கயிறு அவிழ்க்க முடியாது. அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஓர் ஆளைக்கூட அவர் கடலுக்குக் கொடுத்ததில்லை. ஓய்வுபெற்ற நாளில் தங்கப்பூச்சு பூசிய கைக்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய நிறுத்துகடிகாரத்தைத்தான் இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

ஆகவே மகளின் கதையை அவர் கதையாக வாசிக்கவில்லை. துறைக்கு வந்த ஒரு கப்பலில் ஏறி, அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரைக்கும் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற மாதிரி வாசித்தார். இரண்டாம் நாள் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஏட்டி மும்தாஜு, இவ சும்மா எழுதல்ல கேட்டியா. காத்து ஓட்டத்தைக் கணக்குப் போட்டு வச்சிருக்கா. என்னைய மாதிரியாக்கும்” என்றார். மகள் பத்து வருடமாக எழுதுகிறாள். இத்தனை நாளும் அதை அவர் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தார். அதை நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் அத்தியாயத்தில் பென்சில் நின்றது.

‘உவைஸ்’ கப்பலில் பன்னிரண்டு உயிர்ப்படகுகள். பன்னிரண்டுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி கப்பித்தானின் அரையில் கட்டியிருக்கும். கல்மழை போல விண்கற்கள் மோதிக் கப்பல் பிளக்கிறது. கப்பித்தான் உடைந்த பகுதிக்குள் மாட்டிக்கொள்கிறார். கடைசி மூச்சுவரை அந்தச் சாவியை அவர் கைவிடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உடல் கிடைத்தபோதும் சாவி அரையிலேயே இருந்தது. அந்த அத்தியாயத்துக்குக் கண்ணீர் விட்டதாக நானூறு பேர் பின்னூட்டம் எழுதியிருந்தார்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. சுல்ஃபியாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவர்தான் அதைச் சொன்னார். அறுபத்திரண்டாம் வருடம், இடவப்பாதி மழையில், இனயம் கடற்கரைக்கு வெளியே உவைஸ் மாலுமியின் பாய்க்கப்பல் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கரை ஒதுங்கிய மையித்தின் அரையில் கப்பல் பெட்டியின் சாவி இருந்தது. உயிர் போனாலும் பொறுப்பை விடாத மனிதர் என்று கடப்புறம் முழுக்கப் பேச்சு. அந்த இரும்புச் சாவியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களும் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும் முதலில் பார்த்தது அதைத்தான். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. சரக்குச் சீட்டு இருந்திருக்கும், முதலாளியின் பொன் இருந்திருக்கும் என்று அவரவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார்கள். சேக் முகம்மதுவும் சொன்னதில்லை.

பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு கோடும் போடாமல் புரட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். வட்டத்தை நடத்துகிறவர் நாராயணபெருமாள். ஓய்வுபெற்ற தபால்காரர். மணி பத்தடித்ததும் தொடங்கிவிடுவார். பெனிட்டோவுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் கண்ணாடியிழைப் பசை காய்ந்து செதிலாக ஒட்டியிருந்தது. வெள்ளைத்துணித் திரையில் கப்பலின் படம் வரைந்து கொண்டு வந்திருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான். அதுவே சேக் முகம்மதுவுக்குப் பிடிக்கவில்லை.

“முதல் பழுது” என்று தொடங்கினான் பெனிட்டோ. “வெளிக்கதவு எல்லாம் உள்பக்கமா தொறக்குது. ஆபத்து நேரத்துல ஆளுவ முண்டியடிச்சு வந்தா கதவை எப்பிடித் தொறப்பாவ?”

சேக் முகம்மது எழுந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் சுருள்கம்பிப் புத்தகம். “நான் சுல்ஃபியாவுக்க வாப்பா. பதில் நான் சொல்லுதேன்.”

நாராயணபெருமாள் கடிகாரத்தைப் பார்த்தார். “கேள்வி நேரம் பின்னால உண்டு சாரே.”

“கேள்வி இல்ல, பதிலாக்கும். பதிலுக்கு எங்கயும் நேரம் போட்டிருக்கதாத் தெரியல்ல.”

அறை சிரித்தது. பெனிட்டோ கையைக் காட்டி, சொல்லுங்கள் என்றான்.

“மக்கா, உனக்க வீட்டுல உள்மூடி குக்கர் உண்டா?”

“உண்டு.”

“ஆவி ஏற ஏற மூடி என்ன செய்யும்? உள்ள இருந்து இறுக்கிக்கிடும். ஆவி அடங்காம ஆனை வந்து இழுத்தாலும் தொறக்காது. வெளிய காத்தே இல்லாத இடத்துல ஓடுத கப்பலுக்கு, உள்ள உள்ள காத்தே கதவைப் பூட்டுத மாதிரி வைக்கதுதான் புத்தி. வெளியில தொறக்குத மாதிரி வச்சா, ஒரு கொக்கி தெறிச்சா போதும், இருநூத்துப் பன்னிரண்டு பேரும் பஞ்சா பறந்து போவாவ. பின்ன, ஆளுவ வெளிய போறதுக்கு அது பஸ்ஸா?”

கைதட்டல் விழுந்தது. பெனிட்டோ சிரித்துக்கொண்டே தன் தாளில் ஒரு கோடு அடித்தான்.

குடிதண்ணீர்த் தொட்டியை எந்திர அறையை ஒட்டி வைத்தது இரண்டாவது. எந்திரத்திலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்க நான்கடித் தண்ணீரைவிட நல்ல சுவர் கிடையாது என்றார் சேக் முகம்மது. நடைவழியில் தடுப்புச்சுவர் இல்லை என்றபோது, “நாலாம் அத்தியாயம், பதினேழாம் பக்கம். தானா விழுத கதவு ஒன்பது. வாசிச்சியா, இல்ல படம் மட்டும் பாத்தியா?” என்றார். எல்லா ஆபத்துக்கும் ஒரே மணி என்ற பழுதுக்கு, எழுந்து ஓடு என்று சொல்ல ஒரு மணிதான் வேண்டும், ஏழு மணி வைத்தால் எது எதற்கு என்று யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். ஐந்தாவது, கப்பலுக்குள் திறந்த தீயில் சமையல். எந்தக் கப்பலிலும் அதை அவர் அனுமதித்ததில்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று, “மாலுமியார் வீட்டுல பிரியாணி மின்சார அடுப்புல வைக்கதில்ல” என்றார். அறை ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அந்தப் பழுது கரைந்து போயிற்று. ஆறாவதைப் பெனிட்டோவே விட்டுவிட்டான்.

முன்வரிசையில் இருந்த சுல்ஃபியா திரும்பி வாப்பாவைப் பார்த்தாள். அவர் தன் கதையின் பக்க எண்ணைச் சொல்லி வழக்காடியதை அவளால் நம்ப முடியவில்லை. சேக் முகம்மது அவளைப் பார்க்காதது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

பெனிட்டோ தாளை மடித்துப் பையில் வைத்தான். “சாரே, ஆறுக்கும் நான் தோத்தாச்சு. சந்தோசம். ஏழாவதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லுங்க. பன்னிரண்டு படகுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவி ஒரு ஆளுக்க அரையில. அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிப்போச்சுன்னா மற்ற இருநூத்துப் பதினொண்ணு பேரும் என்ன செய்யணும்?”

“அது பழுது இல்ல.”

“பின்ன?”

“அது எனக்க வாப்பாக்க சாவியாக்கும்.”

அவர் அந்தக் கதையைச் சொன்னார். எத்தனையோ தடவை சொன்ன கதை. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நாக்குக்கே தெரியும். மூன்றாம் நாள், கரை, அரையில் சாவி. “பொறுப்பைக் கைவிடாத மனுஷனுக்க பேரை எனக்க மவ ஒரு கப்பலுக்கு வச்சிருக்கா. அதுல பழுது காணுதவன் காணட்டும்” என்று முடித்தார். நாராயணபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசி வரிசையிலிருந்து தடித்த குரல் ஒன்று கேட்டது. “காக்கா சொன்னது நேராக்கும்!”

அண்ணன் என்கிற முறையில் காக்கா என்று விளித்து எழுந்து நின்றவர் ஏசுஅடிமை. அறுபது வயதைத் தாண்டியவர். மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர். நாலாவதைப் பெனிட்டோவின் பட்டறையில்தான் கட்டிக்கொண்டிருந்தார். “நான் கதை கிதை ஒண்ணும் வாசிக்கல்ல. இந்தப் பய என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். ஏம்லே பெனிட்டோ, கேட்டியா இப்ப? காக்கா, எனக்க புதுப் படகுல ஒரு பெட்டிக்குப் பூட்டு வைக்கச் சொல்லி இவனுட்ட மூணு மாசமா மல்லுக்கட்டுதேன். வைக்க மாட்டேங்கான். எனக்க மூணு படகுலயும் உண்டு. துறையில கிடக்க பாதிப் படகுல உண்டு. சாவி படகோட்டுத சிராங்குக்க அரையில. கடப்புறத்துல அதுக்குப் பேரே மாலுமியார் பெட்டியாக்கும்!”

சேக் முகம்மதுவின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. மாலுமியார் பெட்டி. தன் வீட்டின் பெயர் இன்றைக்கும் கடலில் போய் வந்துகொண்டிருக்கிறது. கப்பல் போய் அறுபது வருடமாகியும் பெயர் போகவில்லை. இது வாப்பாவுக்குத் தெரிந்திருந்தால் என்று நினைத்தார்.

“நல்லது ஏசுஅடிமை” என்றார். “அந்தப் பெட்டியில என்ன வைப்பிய?”

“லைஃப் ஜாக்கெட்டுதான் காக்கா. ஆளுக்கு ஒண்ணு, பதினாலு. வெளிய போட்டா நிக்காது பாத்துக்கிடுங்க. பயலுவ தலைக்கு வச்சுப் படுப்பானுவ. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளையளுக்குக் குளத்துல நீச்சல் பழக்குவானுவ. அதுக்காக்கும் பூட்டு.”

சேக் முகம்மது பெனிட்டோவைப் பார்த்தார். பெனிட்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, நீ இதுக்காகவா கப்பலுக்க பழுதைப் பேச வந்த?”

“பின்ன என்ன செய்ய சாரே?” அவன் தலையை நிமிர்த்தினான். “பூட்டு வேண்டாம்னா, மாலுமியாரு வச்சாரே, அவரைவிட நீ பெரியவனான்னு கேக்காவ. அவரு பண்ணது தப்புன்னு உங்க வாசல்ல வந்து நான் பறையவா? அதான் ஆகாசத்துல ஓடுத கப்பலை வச்சுப் பேசலாம்னு பாத்தேன்.”

“அவரு பெட்டியில வேற சாமானு இருந்திருக்கும்லே” என்றார் ஏசுஅடிமை, இரக்கப்பட்டவரைப் போல. “அது வேற, இது வேற. ஆனா முறை ஒண்ணுதான். இல்லியா காக்கா?”

சேக் முகம்மது உட்கார்ந்துவிட்டார்.

அறுபத்திரண்டில், பன்னிரண்டு வயதுப் பையனாக அவர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கணவனை இழந்த உம்மா, வேற்று ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்தாள். பின்வாசலில், மறைப்புக்கு அந்தப் பக்கம், கப்பலின் பண்டாரி வந்து நின்று அழுதான். ஒன்பது பேரில் தப்பிய இரண்டு பேரில் அந்தச் சமையல்காரன் ஒருவன். சரக்காக ஏற்றிய தேங்காய்த் தொண்டுக்கட்டைப் பிடித்து மிதந்தவன். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக இப்போது திரும்பி வந்தது. மறந்துவிட்டதாக அவரே நம்பியிருந்தார். முப்பத்தொரு வருடம் எந்தக் கப்பலிலும் உயிர்காக்கும் பெட்டியில் பூட்டைக் கண்டால் அந்த இடத்திலேயே சம்மட்டியால் அடித்து உடைக்கச் சொன்னாரே, அது ஏன் என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். முறை ஒன்றுதான் என்று தலையை அசைத்துவிட்டு பஸ் ஏறினால் போதும். மாலுமியார் வீடு மாலுமியார் வீடாகவே இருக்கும். கடலில் பாதிப் படகுகளில் பூட்டும் இருக்கும்.

சுல்ஃபியா ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எழுந்தார். சட்டையின் மேல்பொத்தான் கழன்றிருந்தது. அதைப் போட்டுக்கொண்டார்.

“நாராயணபெருமாளே, எனக்கு இன்னும் அஞ்சு நிமிசம் வேணும்.”

“பத்தா எடுத்துக்கிடுங்க.”

“எனக்க வாப்பாக்க பெட்டியில பொன்னும் இல்ல, சீட்டும் இல்ல. தக்கையில செஞ்ச மிதவைச் சட்டை பன்னிரண்டு இருந்துது. கொச்சியில வாங்கினது. இந்தக் கரையில அந்தக் காலத்துல வேற எந்தப் பாய்க்கப்பல்லயும் கிடையாது. ஆளுவளுக்க உயிரை நினைச்சு வாங்கின மனுஷனாக்கும் அவரு. கரைக்கு வந்தா, கப்பல்காரனுவ அதைக் கிழிச்சுத் தக்கையை எடுத்து வலைக்கு மிதப்பு கட்டிட்டானுவ. ரெண்டு சட்டை அப்பிடிப் போச்சு. மிச்சம் பத்தும் போகப்படாதுன்னு பெட்டியில வச்சுப் பூட்டினாரு. சாவியை அரையில கட்டினாரு.”

அவர் நிறுத்தினார். இந்த நிறுத்தம் பழக்கத்தில் வந்தது அல்ல.

“கப்பலு கவிழ்ந்தப்ப அவரு மறுபக்கம் விழுந்தாரு. ஒன்பது பேரு. பெட்டியை நகத்தால பிராண்டிப் பாத்திருக்கானுவ. ஏழு பேரு போனாவ. என் வாப்பாவும் அதுல ஒண்ணு. இதைப் பண்டாரி எங்க உம்மாட்ட சொன்னான். நான் கேட்டேன். இந்நாள்வரை நான் ஒருத்தருட்டயும் சொன்னதில்ல.”

மாடிக்குக் கீழே பஸ்காரன் ‘தக்கலை, தக்கலை’ என்று கூவுவது கேட்டது.

“எனக்க வாப்பா நல்ல மனுஷன். அதுல எவனும் விரல் வைக்க முடியாது. அவரு பண்ணது தப்பு. அதை வேற எவனும் சொல்லப்படாது. சொல்லுத உரிமை மாலுமியார் வீட்டுக்குத்தான் உண்டு. அதான் வந்து சொல்லுதேன். ஏசுஅடிமை, உனக்க பெட்டியில பூட்டு வேண்டாம்.”

ஏசுஅடிமை நின்றபடியே இருந்தார். அவருடைய கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அப்புறம் மெதுவாக, “அப்ப அந்தப் பேரை எடுத்திரலாமா காக்கா?” என்று கேட்டார்.

“எடுக்கவா?” சேக் முகம்மதுவின் குரல் துறைமுகக் குரலாக மாறியது. “எடுக்கப்படாது! பேரு அப்பிடியே இருக்கும். பூட்டு போகும். நாளைக்கு நான் பட்டறைக்கு வாறேன். எனக்க கையெழுத்து இல்லாம அந்தப் படகு இறங்கப்படாது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவரும் பக்கத்தில் சுல்ஃபியாவும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கருங்கலைத் தாண்டியது. சாவியை மாற்றி, படகுக்கு ஒரு கைப்பிடி வைத்துவிடலாம் என்று அவள்தான் தொடங்கினாள்.

“எதுக்கு? பழுது இருக்கட்டும். பழுது இல்லாம கப்பலு எப்பிடி உடையும், கதை எப்பிடி நிக்கும்? அந்தத் தப்பு நம்ம வீட்டுத் தப்பாக்கும். வேற ஒருத்தனுக்க கப்பல்ல இருந்து நீ எடுக்கல்ல.” சுருள்கம்பிப் புத்தகத்தைப் புரட்டினார். “முப்பத்தோராம் அத்தியாயத்துல மட்டும் ஒரு திருத்தம் உண்டு. அவரை நல்லவர்னு எழுது. வீரன்னு வேணும்னாலும் எழுது. சரியாச் செஞ்சாருன்னு எழுதாத.”

“ஒரு எழுத்து மாத்தப்படாதுன்னு சொன்னிய?”

“சொன்னேன். இப்ப நான்தான் மாத்தச் சொல்லுதேன். பதிப்பாளன் சொல்லி நீ மாத்தினா அது வேற.” பிறகு, வேறு யாரோ பேசுவதைப் போல, “காத்து ஓட்டம் நல்லா எழுதியிருக்கா” என்றார்.

சுல்ஃபியா முக்காட்டை இழுத்து முகத்தை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் மும்தாஜ் பேகம் எல்லாவற்றையும் கேட்டாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தும் தனக்குச் சொல்லாததை நாற்பது பேரிடம் சொல்லிவிட்டு வந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு, சாவி இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றக் கை நீட்டினாள்.

“எடுக்காத. அங்கயே இருக்கட்டும்.”

“இனி ஆராவது கேட்டா?”

“முழுசாச் சொல்லுவேன்.”

“எனக்கும் சேத்துச் சொல்லுங்க. நான் இதுவரை பாதிதானே கேட்டிருக்கேன்” என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பட்டறையில் ஏசுஅடிமையின் படகு கட்டையின்மேல் ஏறி நின்றது. சுக்கான் அறைக்கு வெளியே, எல்லோரும் எட்டும் உயரத்தில், பெனிட்டோ புதிய பெட்டியைப் பொருத்தியிருந்தான். ஆரஞ்சு நிறம். பூட்டு கிடையாது. ஜாக்கெட்டுகளில் ஆள் பெயரை எழுதிவிட்டால் எவனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான் என்பது அவன் யோசனை. சேக் முகம்மது ஏணியில் தானே ஏறினார். பெட்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

“ஏசுஅடிமை, மேல வா. தோள்ல உள்ள துண்டைத் தா.”

அந்தத் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினார். வலது கையை முதுகுப்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

“இது என்ன விளையாட்டு காக்கா?”

“ராத்திரியாக்கும். கை ஒடிஞ்சு போச்சு. படகு சரியுது. தொற.”

ஏசுஅடிமை தடவினார், முட்டினார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கீழே நின்ற தச்சர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூடி திறந்ததும் சேக் முகம்மது நிறுத்துகடிகாரத்தை அமுக்கினார்.

“பதினொண்ணு. பெனிட்டோ, கைப்பிடி சின்னதா இருக்கு. நனைஞ்ச கைக்கு ஆகாது.”

பெனிட்டோ கைப்பிடியை மாற்றினான். ஏழு வந்தது. கீலை இழைத்து எண்ணெய் விட்டான். ஐந்து.

“அஞ்சு போதும்லா காக்கா?” கண்ணைக் கட்டியபடியே ஏசுஅடிமை கெஞ்சினார். “அஞ்சுக்கு உங்க வளைகுடாக்காரன் கையெழுத்து போடுவான்லா?”

“போடுவான். அது அவனுக்க பேரு. இது எனக்க வாப்பாக்க பேராக்கும். மூணு.”

மூடிக்குக் கீழே பெனிட்டோ ஒரு சுருள்வில் வைத்தான். ஏசுஅடிமையின் இடதுகை பட்டதும் மூடி தானாக எழும்பி நின்றது. சேக் முகம்மது கடிகாரத்தை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அதற்கும் மூன்றுதான்.

பிறகு கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்ணம் தீட்டுகிறவனைக் கூப்பிட்டு, பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டினார்.

“இப்ப எழுது. மாலுமியார் பெட்டி. பெரிசா எழுது.”